குடும்பத்துக் கை

ஃபோன் அடிக்கட்டும் பிள்ளை, அடிக்கட்டும். நான் எடுக்கமாட்டன். அது ரெகுலா, முதலாளியின்ர மகள். நான் றெயின் ஏறினதில இருந்து இது அஞ்சாவது தரம். மற்ற ஆக்களும் திரும்பிப் பாக்கினம்தான், பாத்தாப் பாக்கட்டும். நீர் தமிழ்தானே? மூக்குத்தியைக் கண்டுதான் முன்னால வந்து இருந்தனான். சூரிச்சுக்கோ? நல்லதாப் போச்சு, வழித்துணை. என்ர பேர் வதனி. மேல மலையில, இந்த றெயின் வெளிக்கிடுற கடைசிக் கிராமத்தில, ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில பத்தொன்பது வருசமா நிக்கிறன்.

ஏன் எடுக்கேல்லை எண்டு கேக்கவே மாட்டீரே? நானே சொல்லுறன். இந்தா, இந்தக் கைப்பையைத் தொட்டுப் பாரும். கனமா ஒண்டு தட்டுப்படுதே? திறப்பு. வீட்டுச் சாவியில்லை. எலும்புப் பிடி போட்டது, நூறு வருசப் பழசு. கம்பிக்குச் சுருதி சேர்க்கிற திறப்பு. நாலு மணிக்கு அங்க மண்டபத்தில இருநூறு சனம் வந்து குந்தப்போகுது. டீவிக்காரர் வரப்போயினம். திறப்பு என்ர மடியில இருக்கு, நான் றெயினில இருக்கிறன். இப்ப எத்தினை மணி? மூண்டு இருபதோ? நல்லா ஓடித் திரியட்டும். எல்லா லாச்சியையும் இழுத்துப் பாக்கட்டும்.

கோவம் எண்டு நினைச்சுப்போடாதேயும். கோவம் எண்டா ரெண்டு நாளில ஆறியிடும். நான் பழி வாங்கிறன். ஜனவரியில இருந்து வாங்கிக்கொண்டு வாறன்.

எமில் எண்டு ஒரு மனிசன். எழுவத்திமூண்டு வயசு. ரெஸ்ரோறன்ற் அவற்றது. ஆனால் அந்த மலையில எமிலைச் சமையலுக்கு ஒருத்தரும் தெரியாது, வாசிப்புக்குத்தான் தெரியும். குடும்பமா வாசிக்கிறவை. மகள் ரெகுலாவும் மருமகனும் வயலின். மகன் செல்லோ. மனிசி வ்றேனி ஆளுயரத்தில ஒரு பாஸ் வைச்சிருக்கிறா, அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிப்பா. நடுவில எமிலின்ர ஹக்பிறெற். சந்தூர் கண்டிருப்பீர்? அது மாதிரித்தான். மேசை மாதிரி ஒரு பெட்டி, மேல நூற்றியிருபத்தஞ்சு கம்பி, ரெண்டு மெல்லிய தடியால அடிக்கிறது. ஹக்பிறெற் எண்டா இறைச்சி வெட்டுற பலகை எண்டும் சொல்லலாம். அதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பினம். குசினிக்காரிக்குப் பகிடி விளங்கும்தானே.

நாலு தலைமுறையா வாசிக்கினம். நோட்டுக் கடதாசி வைக்கமாட்டினம். மாடு மேய்க்கப் போறவன்ர கூவல், கலியாண ஆட்டம், செத்த வீட்டுக்கு ஒண்டு, எல்லாம் காதுக்குள்ள. எமில் அடிக்கிறதைக் கேட்டுக் கேட்டுத்தான் மற்ற நாலு பேரும் போவினம். ஹக்பிறெற் எங்கயோ, அங்கதான் வயலினும். அதுதான் அந்த வீட்டு முறை. இதை ஞாபகம் வைச்சிரும், பிறகு தேவைப்படும்.

அந்தப் பெட்டியில ஒரு சுரத்துக்கு அஞ்சு கம்பி. அஞ்சும் ஒரு சத்தமாக் கேக்கவேணும். ஒண்டு துளி இறங்கினாலும் எனக்குச் சோத்துக்குள்ள மண் கடிபட்ட மாதிரி. அந்தப் பெட்டி கிடக்கிறதோ விறகடுப்புக்குப் பக்கத்தில. அடுப்பு மூட்டினா ஒரு மாதிரி, அணைஞ்சா ஒரு மாதிரி. பதினாறு வருசத்துக்கு முந்தி ஒரு சனிக்கிழமை நான் கிழங்கு சீவிக்கொண்டு நிக்கிறன், மனிசன் காலமையில இருந்து திருகுது, சேருதில்லை. திருகுது, சேருதில்லை. எனக்கு விசர் வந்திட்டுது. கத்தியைப் போட்டிட்டுப் போய், "அது இல்லை, அதுக்கு அங்கால மூண்டாவது கம்பி" எண்டன். என்னை ஒருக்காப் பாத்தார். திறப்பை நீட்டினார். நாப்பது நிமிசத்தில முழுப் பெட்டியும் முடிச்சன். முடிச்சுப்போட்டு வந்து மிச்சக் கிழங்கைச் சீவினன்.

அண்டையில இருந்து ஒவ்வொரு சனியும் நான்தான். வெளியூர் வாசிப்பெண்டாலும் வான் வண்டிப் பின் சீற்றில என்னை ஏத்திக்கொண்டு போவினம். மேடைக்குப் பின்னால சேர்த்துக் குடுத்திட்டு, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு சனத்தோட சனமா நிப்பன். திறப்பு குசினியில என்ர ஏப்பிரன் ஆணியில தொங்கும்.

எப்பிடித் தெரியும் எண்டோ? யாழ்ப்பாணத்து இணுவில் ஆக்கள், பிள்ளை, நாங்கள். என்னைப் பெத்த ஐயா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், ஆனா சங்கீதம் எண்டா உயிர். வீட்டில எந்த நேரமும் சங்கீதம்தான்.

அடிக்குது பாரும் திரும்ப. ஆறு.

ஜனவரிக்கு வாறன். டீவியில இருந்து ஆக்கள் வந்தவை. குடும்ப வாசிப்பு, பாரம்பரியம், அதுஇதெண்டு ஒரு நிகழ்ச்சி. ரெகுலா ரெண்டு கிழமையாப் பறக்கிறாள். திரைச்சீலை மாத்தினாள். சிவப்பு வெயிஸ்ற்கோட்டு, வெள்ளிச் சங்கிலி எல்லாம் மினுக்கினாள். ஒருநாள் முந்தி என்னட்டை வந்து, "வதனி, நாளைக்குப் படம் எடுக்கேக்க நீர் குசினிப் பக்கம் நிண்டாப் போதும், என்ன?" எண்டாள். சரி. நான் என்ன, படத்தில வரோணும் எண்டு துடிச்சனானோ? விடிய அஞ்சு மணிக்கு எழும்பிப் போய்ச் சுருதி சேர்த்துக் குடுத்தனான். லைற்றுச் சூட்டுக்கு மாறும் எண்டு, அவை லைற் போட்ட பிறகு திரும்ப ஒருக்காச் சேர்த்தனான்.

நான் கோப்பித் தட்டோட கமெராவுக்குப் பின்னால நிக்கிறன். அந்த டீவிப் பெட்டை கேக்கிறாள், "இத்தினை கம்பி, இதை ஆர் சுருதி சேர்க்கிறது?" எமில் என்னைப் பாத்தார். பாத்துப்போட்டு ரெகுலாவைப் பாத்தார். பிறகு கமெராவைப் பாத்துச் சொன்னார், "என்ர அப்பப்பா காலத்தில இருந்து இதில எங்கட குடும்பத்துக் கைதான் படும்."

பிள்ளை, அந்தத் திறப்பு அப்ப என்ர ஏப்பிரன் பொக்கற்றுக்குள்ள கிடக்குது. தட்டு சரிஞ்சு கோப்பி சிந்தினது. ரெகுலா வந்து துடைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். துடைச்சன்.

பின்னேரம் எமில் குசினிக்கு வந்தவர். நான் நினைச்சன் ஏதோ சொல்லப்போறார் எண்டு. "கோப்பி நல்லாயிருந்தது" எண்டார். போட்டார். பதினாறு வருசம் நூற்றியிருபத்தஞ்சு கம்பியைத் திருகின கைக்கு, கோப்பி நல்லாயிருந்ததாம்!

நான் என்ன கேட்டனான்? காசு கேட்டனானோ? மேடையில கதிரை கேட்டனானோ? "வதனி எண்டு ஒருத்தி, அவள்தான் சேர்க்கிறவள்." இவ்வளவுதான். வாயால ஒரு வரி. இவர், என்ர மனிசன், அவர் சொல்லுறார், "நீர் போய்க் கேட்டா அவர் சொல்லுவார்தானே" எண்டு. கேட்டு வாங்கினா அதுக்கு என்ன பேர்? எமில் தானாச் சொல்லவேணும். சனத்துக்கு முன்னால சொல்லவேணும். சொல்லுமட்டும் விடமாட்டன் எண்டு அண்டைக்கே முடிவெடுத்திட்டன்.

அஞ்சு மாசம் வாயே திறக்கேல்லை. சிரிச்ச முகம். சனிக்கு சனி சேர்த்துக் குடுத்தன். ஜூன் மாசத்துக்குக் காத்துக்கொண்டிருந்தன். நாலு வருசத்துக்கு ஒருக்கா ஒரு பெரிய விழா, நாடு முழுக்க இருந்து இப்பிடி வாசிக்கிறவை எல்லாம் வருவினம். மண்டபம் நிரம்ப இந்த விசயத்தில ஊறின கிழடுகள். றேடியோவில நேரடியாப் போகும். அங்க வைச்சு அவன்ர மானத்தை வாங்கவேணும். அதுதான் என்ர திட்டம்.

எல்லாக் கம்பியையும் குழப்பினா உடன பிடிச்சுப்போடுவினம். ஒரே ஒரு சுரம். மத்திமம். பெட்டியில மூண்டு இடத்தில வருது, பதினைஞ்சு கம்பி. சங்கீதம் படிச்சனீரே? அப்ப விளங்கும். அவை வைக்கிறது எங்கட சுத்த மத்திமம். நான் அதைத் தூக்கினன். பிரதி மத்திமம் வரைக்கும் கொண்டுபோகேல்லை, அங்க கொண்டுபோனா அதுவும் ஒரு சுரமாகியிடுமே! ரெண்டுக்கும் நடுவில, உலகத்தில ஒருத்தருக்கும் சொந்தமில்லாத இடம் ஒண்டிருக்கு. அங்க நிப்பாட்டினன். பதினைஞ்சு கம்பியும் ஒரே இடத்தில, மயிரிழை பிசகாமல். பிழையையும் திறமாச் செய்யவேணும்.

அந்த இடத்தைப் பிடிக்கிறது லேசில்லை. ஐயா ஒத்து ஊதேக்க, மழைக்காலத்தில வாயில வைக்கிற சீவாளி நனைஞ்சு சத்தம் இப்பிடி ரெண்டு சுரத்துக்கு நடுவிலதான் ஓடப் பாக்கும். அவர் மூச்சாலேயே இழுத்துப் பிடிச்சுக் கொண்டருவார்.

ஓம், ஒத்து ஊதினவர். என்ன பாக்கிறீர்? சங்கக்கடை எண்டது சனத்துக்குச் சொல்லுறது. கோயிலில நாயனக்காரருக்குப் பின்னால நிண்டு, ஒரே ஒரு சுரத்தை மூண்டு மணித்தியாலம் மூச்சு விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது. சனம் நாயனத்தைப் பாக்கும், தவிலைப் பாக்கும். ஒத்துக்காரனை ஆர் பாக்கிறது? பகிடிதான் பண்ணுவாங்கள். எனக்குக் கலியாணம் பேசேக்க மாமா சொன்னார், சங்கக்கடை மனேச்சர் எண்டு சொல்லுவம் எண்டு. சரியெண்டு சொன்னதுதான். இவருக்கே இண்டைவரைக்கும் தெரியாது. அது வேற கதை, விடும். எமிலின்ர கதைக்கு வாறன்.

விழாவில மேடைக்குப் பின்னால பெட்டியைக் கொண்டுவந்து வைச்சாச்சு. எமில் தடியை எடுத்து, வழக்கமா மேடையேற முந்தி எல்லாச் சுரத்தையும் ஒருக்காத் தட்டிப் பாக்கிறவர், தட்டினார். மத்திமத்தில தட்டினார். நிண்டார். திரும்ப ஒருக்காத் தட்டினார். என்னைப் பாத்தார். திறப்பு அவருக்குப் பக்கத்திலதான் கிடக்கு, நேரமும் கிடக்கு, அரை மணித்தியாலம். ஆனா மனிசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுது, போட்டுது, தடியைக் கீழ வைச்சுது. செவிட்டுக் கிழவன்! ஒண்டும் விளங்கேல்லை. பதினாறு வருசமா நான் சேர்த்துக் குடுத்ததில காது செத்துப்போச்சு எண்டு எனக்கு உள்ளுக்க ஒரே சந்தோசம்.

மேடையேறிச்சினம். நான் பின் வரிசையில நிக்கிறன். துவங்கினது மலைக் கூவல், மெல்லமாப் போறது. மத்திமம் வந்துது. முன் வரிசையில ஒரு கிழவன் தலையைத் தூக்கினான். ரெகுலாவின்ர வில் ஒரு கணம் தடுமாறினது. ஆகா, துலைஞ்சுது எண்டு நினைச்சன்.

ஆனா முதலே சொன்னனான் என்ன? ஹக்பிறெற் எங்கயோ அங்கதான் வயலினும். அந்த வீட்டுப் பழக்கம். எமில் ஒரு துளி கூடப் பதறேல்லை, அந்தச் சுரத்தில நிண்டு இன்னும் ரெண்டு தரம் அழுத்தி அடிச்சார். ரெகுலாவின்ர விரல் மேல ஏறினது. மருமகன் ஏறினான். செல்லோ ஏறினது. வ்றேனி கண்ணை மூடிக்கொண்டு ஏறினா. அஞ்சு பேரும் என்ர பிழைக்குள்ள வந்து நிண்டுகொண்டு வாசிக்கினம்! சனம் மூச்சுக் காட்டேல்லை. முடிஞ்ச உடன முன் வரிசைக் கிழவன் எழும்பி நிண்டு அழுறான்.

பிறகுதான் விளங்கினது. மலையில ஊதுவினமே, நிலத்தில முட்டுற நீட்டு மரக்குழல்? அதில துளையில்லை, மூச்சாலதான் சுரம். அதில மத்திமம் அந்த இடத்திலதானாம் தானா வரும். பழைய மாட்டுக்காரர் கூவினதும் அந்த இடத்திலதானாம். பியானோ, நோட்டு எல்லாம் வந்த பிறகு கம்பி வாசிக்கிறவை அதைத் திருத்திப்போட்டினமாம். உலகத்தில ஒருத்தருக்கும் சொந்தமில்லாத இடம் எண்டு நான் நினைச்சது இவங்கட பூட்டன்ர சொத்து. என்ர தலையெழுத்தைப் பாத்தீரே!

றேடியோக்காரன் ஓடிவாறான். "இந்தச் சுரத்தை எங்க கண்டுபிடிச்சனீங்கள்?" எமில் வாயைத் திறக்க முந்தி ரெகுலா சொல்லுறாள், "எங்கட குடும்பத்தில இருந்தது." இருந்ததோ! நான் கொதியில வைச்சது, அவவுக்குக் குடும்பத்தில இருந்ததாம். எமில் அப்பவும் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்.

அண்டைக்குப் படுக்கைக்குப் போக முந்தி எனக்கு அடுத்த வழி தெரிஞ்சிட்டுது. அடுத்த சனிக்கிழமை மத்திமத்தை இறக்கி, சுத்தமா, பியானோ சொல்லுற இடத்தில கொண்டுபோய் வைச்சன். நூற்றியிருபத்தஞ்சு கம்பியும் அச்சொட்டு. இதைவிடப் பழி வேற இருக்கோ? முழு நாடும் அந்தச் சுரத்தைக் கேக்க வருது, அந்தச் சுரம் இல்லை. ஜூலை முழுக்க வந்த சனம் சாப்பிட்டுப்போட்டு, ஏதோ குறையுற மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு போகுது. ரெகுலா குசினிக்கு வந்தாள். "வதனி, ஜூனில வைச்ச மாதிரி வையுமன்." நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு சொன்னன், "நான் என்ன வைச்சன்? குடும்பத்துக் கைதானே படுறது. குடும்பத்தைக் கேளும்." அவளுக்கு முகம் செத்துப்போச்சு. அந்த முகத்தை நினைச்சு நினைச்சு ஒரு கிழமை நல்லாச் சாப்பிட்டன் பிள்ளை.

ஓகஸ்ற்றில எமில் தானாத் திருகிப் பாத்தவர். குசினியில இருந்து கேட்டுக்கொண்டு நிண்டன். கூட்டுறார், குறைக்கிறார், தாண்டிப் போறார். கதவைத் திறந்து பாத்தன், நெத்தியெல்லாம் வேர்வை. எனக்குச் சரியா ஒரு மாதிரித்தான் இருந்தது. இருந்தாலும் கதவைச் சாத்திப்போட்டு வந்திட்டன். ஒரு வரி. வாயால ஒரு வரி சொல்லட்டன்.

இண்டைக்கு அதே டீவி, அதே பெட்டை. "அந்தச் சுரம் திரும்ப" எண்டு ஊர் மண்டபத்தில விளம்பரமே ஒட்டியாச்சு. பெட்டியைக் காலமை கொண்டுபோயிட்டினம், ஏத்தி இறக்கினதில எல்லாக் கம்பியும் தாறுமாறு. ரெண்டு மணிக்கு வாறன் எண்டனான். ரெண்டு மணிக்கு ஆணியில இருந்து திறப்பைக் கழட்டினன், ஏப்பிரனைக் கொழுவினன், ஸ்டேஷனுக்கு நடந்தன். எங்க போறன் எண்டோ? ஒரு இடமும் இல்லை. கீழ போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு, ஆறு மணிக்குத் திரும்பி வருவன்.

திரும்ப அடிக்குது. இரும், இது ரெகுலாவின்ர நம்பர் இல்லை. இது எமில். பிள்ளை, இந்த மனிசன் ஃபோன் எடுத்து ஒருநாளும் நான் காணேல்லை. நேரம் நாலு பத்து. இரும், ரெண்டு வார்த்தை கிழிச்சுப்போட்டு வைக்கிறன்.

ஹலோ! என்ன வேணும்? திறப்போ? திறப்பு என்னட்டைத்தான். தரமாட்டன். ... என்ன? ... ஹீற்றருக்குக் காத்துத் திறக்கிற திறப்போ? என்ர குசினி லாச்சியில கிடந்ததோ?

கோதாரி. அது ஹீற்றர்க் குழாயில அடைபட்ட காத்தைத் திறந்துவிடுற சதுரத் திறப்பு, பிள்ளை. கம்பி முளைக்கும் பொருந்தும். ஒவ்வொரு மாரிக்கும் நான்தான் அதால திறக்கிறனான், இது என்ர மண்டைக்குள்ள வரேல்லையே.

அப்ப சேர்த்துக்கொண்டு போமன், ஏன் எனக்கு அடிக்கிறாய்? ... எதை? அந்தச் சுரத்தையோ? மற்றதெல்லாம் சேர்த்தாச்சோ? ... கேக்குதே பிள்ளை உமக்கு? கம்பியை ஃபோனுக்குக் கிட்டத் தட்டுறான். நான் ஒண்டும் சொல்லமாட்டன், தட்டிக்கொண்டு இருக்கட்டும்.

ஐயோ, என்ன சத்தம் இது. ... நான் சொல்லமாட்டன் எண்டு சொன்னனான்தானே! ... கீழ. கீழ கிடக்குது. ஏத்து. இன்னும். ... இன்னும், செவிட்டுக் கிழவா, நித்திரையோ கொள்ளுறாய்? தாண்டியிட்டாய், இறக்கு. மெல்ல. மூச்சு விடாத. ... நில்! அங்கதான். அதுதான். கையை எடு. இப்ப அடுத்த நாலையும் அதோட ஒட்டு. ... ம். ... ம். மூண்டாவது அரை மயிர் ஏத்து. ம்.

என்ன? ... ஆர் சிரிக்கிறது அங்க? ... எமில், எங்க நிக்கிறாய் நீ?

...

ம்.

...

ம். கேக்குது.

...

நாகமுத்து. ... நாகமுத்து. ... சங்கக்கடை மனேச்சர்.

...

சரி. வாசியுங்கோ. வைக்கிறன்.

மலைப் பாஷை, உமக்கு விளங்கியிராது. சொல்லுறன், இரும், தண்ணி கொஞ்சம் தாரும்.

மேடையில நிண்டுதான் அடிச்சவன். மைக்குக்குப் பக்கத்தில ஃபோன். இருநூறு சனத்துக்கும் டீவிக்கும் கேக்க நான் செவிட்டுக் கிழவா எண்டு பேசியிருக்கிறன். சனம் அதுக்குத்தான் சிரிச்சது. பிறகு அவன் சொல்லுறான், "ஜனவரியில நான் டீவியில பொய் சொன்னனான். பதினாறு வருசமா இந்தப் பெட்டியில பட்டது எங்கட கையில்லை. இப்ப கேட்டீங்களே, இவவின்ர கை. வதனி. ஜூனில அந்தச் சுரத்தையும் இவதான் வைச்சவ, என்னில இருந்த கோவத்தில. மேடைக்குப் பின்னால தட்டேக்கையே எனக்குத் தெரியும். எனக்குக் கிடைக்கவேண்டியதுதான் எண்டு அப்பிடியே விட்டனான்." எல்லாம் சொன்னான். ஒண்டும் மிச்சம் விடேல்லை. ரெகுலா பக்கத்திலதான் நிண்டிருப்பாள்.

சனம் கை தட்டினது. கேட்டீர்தானே?

அதோட விட்டானோ? அந்த மலையில ஒரு வழக்கம். ஒருத்தற்ற பேரை மேடையில சொன்னா, ஆற்ற பிள்ளை, தேப்பன் என்ன செய்தவர் எண்டும் சேர்த்துச் சொல்லவேணும். சொல்லாட்டி மரியாதைக் குறைவு. அவன்ர பேரையும் அப்பிடித்தான் சொல்லுவினம், தச்சன் யாக்கோப்பின்ர எமில் எண்டு. மாட்டுக்காரன்ர மகள் எண்டாலும் தலையை நிமிர்த்திக்கொண்டு நிப்பாள். அந்த மரியாதையை எனக்குக் குடுக்கத்தான் கேட்டவன், "வதனி, ஆற்ற மகள் எண்டு சொல்லட்டும்? இந்தக் காது ஆர் தந்தது?"

நான் என்ன சொன்னன்? உமக்கு அந்தச் சொல் விளங்கினதே? சங்கக்கடை மனேச்சர். அவையளுக்கும் சங்கக்கடை இருக்குத்தானே, உடன விளங்கினது. இருநூறு பேரும் சங்கக்கடைக்குக் கை தட்டிச்சினம், பிள்ளை. டீவியில போகுது. இவர் வீட்டில பாத்துக்கொண்டு, மாமனாரைப் பற்றி நல்லாச் சொன்னவை எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு இருப்பார்.

அழேல்லை நான். எரியுது. கிழவன் எட்டு மாசப் பொய்யைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, சட்டையை உதறிக்கொண்டு வாசிக்கப் போட்டான். நான் இருபத்தேழு வருசப் பொய்யைத் தூக்கிக்கொண்டு இந்த றெயினில இருக்கிறன். ஒத்து ஊதினவரின்ர மகள் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. இவ்வளவுக்கும் அந்தச் சுரத்தை எனக்கு அவர்தான் தந்தது. ஐயாவை நினைச்சா... அவர் கேட்டிருந்தாலும் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டார். ஊதிக்கொண்டுதான் நிண்டிருப்பார். அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு.

பழி வாங்குறதெண்டா உப்பிடி வாங்கவேணும். பாத்தீரே, நான் எட்டு மாசமாத் திட்டம் போட்டன், அவன் ஒரே ஒரு கேள்வியால என்னை விழுத்திப்போட்டான். அதுவும் நல்ல மனசோட கேட்டு!

என்ன ஸ்டேஷன் இது? இறங்கிறன். அந்தப் பையை எடுத்துத் தாரும். மேல போற றெயின் எத்தினை மணிக்கு எண்டு உம்மட ஃபோனில பாருமன். நாலு நாப்பதோ? காணும். ஆறரைக்குத்தான் இடைவேளை, மைக் மேடையிலதான் நிக்கும்.

அவனை மன்னிச்சுப்போட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு போகாதேயும். நாலாவது கம்பி இன்னும் இறங்கித்தான் கிடக்கு, அதுக்காகவும்தான் போறன். ஒத்து எண்டதுக்கு அவையின்ர பாஷையில என்ன சொல்லுறது எண்டு எனக்குத் தெரியாது. பரவாயில்லை, மைக்குக்கு முன்னால வாயால பிடிச்சுக் காட்டுறன். எமிலையும் பக்கத்தில நிக்கவைச்சு அதே சுரத்தைப் பிடிக்கச் சொல்லுவன். ஒத்து நாகமுத்துவின்ர மகளோட எத்தினை நிமிசம் நிக்கிறான் எண்டு பாப்பம், அந்தக் கிழவன்.